'கடன் பொறி' என்று சொன்னதும் விவாதம் முடிந்துவிடுகிறதே?

வவுனியா ஆசிரியை
உயர்தர வகுப்பு மாணவர்களை விவாதப் போட்டிக்குத் தயார்செய்கிறேன். தலைப்பு, இலங்கையின் சீன உறவு. 'சீனா வைத்த கடன் பொறியில் விழுந்தோம்' என்று ஓர் அணி தொடங்கியதுமே மற்ற அணி வாயடைத்துப்போகிறது. அதன்பின் எந்தப் புள்ளிவிவரமும் எடுபடுவதில்லை. இவர்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

ஓய்வுபெற்ற வங்கியாளர்
டீச்சர், பொறி என்றால் வேடன் ஒருவன் வேண்டும், ஏதும் அறியாத இரையும் வேண்டும். அம்பாந்தோட்டையில் துறைமுகம் வேண்டுமென்று கேட்டது நாம்தான். கடன் கட்ட முடியாமல் அதைப் பறிகொடுத்தோம் என்றே பலரும் நம்புகிறார்கள். நடந்தது வேறு. 2017இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற 112 கோடி டொலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. துறைமுகத்துக்காகச் சீன அரசின் எக்சிம் வங்கியிடம் பட்ட கடன் திறைசேரியின் தலையிலேயே நின்றது.

என் கோபம் இதுதான்: அந்த ஒரு சொல் எல்லோருடைய பார்வையையும் ஒரே பக்கம் திருப்பிவிட்டது. 2007 முதல் சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகளால், அதாவது முதலீட்டாளர்களிடம் கடன் வாங்க அரசு விற்கும் பத்திரங்களால், ஏறிய கடன், சீனாவுக்குத் தரவேண்டியதைவிட அதிகம். 2019 இறுதியில் வரிகளைக் குறைத்து வருமானத்தையும் இழந்தோம். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தோம். அதற்கு முந்தைய வாரங்களில் நான் வங்கியின் நாணயக் கடிதப் பிரிவில், அதாவது இறக்குமதிப் பணத்துக்கு வங்கி உத்தரவாதம் தரும் பிரிவில், இருந்தேன். பால்மா இறக்குமதி செய்பவர் ஒருவர் பத்திரக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு மதியம்வரை காத்திருந்தார். அவருக்குக் கொடுக்க எங்களிடம் டொலர் இல்லை. 'சீனாக்காரன் மாட்டிவிட்டான்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பிணைமுறி என்ற பேச்சே அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

மட்டுநகர் வாசகி
ஐயா, சீனாவை அவ்வளவு எளிதில் விட்டுவிடாதீர்கள். துறைமுகத்தின் முதற்கட்டக் கடனுக்கு வட்டி 6.3 சதவீதம். அப்போது மேடைகளில் ஒலித்ததெல்லாம் 'நட்பு நாடு', 'உதவிக்கரம்'. நண்பன் என்று சொல்லிவிட்டால் வட்டியைப் பற்றிக் கேட்பதே மரியாதைக்கேடாகிவிடுகிறது. பொறி என்ற சொல் கொழும்பில் கையெழுத்திட்டவர்களைத் தப்பவிட்டது உண்மை. நட்பு என்ற சொல்லும் அவர்களைத்தான் தப்பவிட்டது.

ஓய்வுபெற்ற வங்கியாளர்
ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சந்தையோடு ஏறி இறங்காத நிலையான வட்டியைத் தெரிவுசெய்தது நம் அரசு. அதையும் பிள்ளைகள் சொல்ல வேண்டும்.

வவுனியா ஆசிரியை
இருவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் இரு அணிகளும் கடன் தந்தவர், தொகை, வட்டி, கையெழுத்திட்ட ஆண்டு ஆகியவற்றை முதலில் சொல்லட்டும். பொறியும் நட்பும் அதற்குப் பிறகுதான். அந்த 112 கோடி டொலர் கையிருப்பில் சேர்ந்தபின் எதற்குச் செலவானது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஐயா, அதையும் கொஞ்சம் விளக்க முடியுமா?