ஆடியில் பாராகிளைடிங் பறக்க முடியுமா?

கேள்வி (கிருஷ்ணகிரி): ஆடியில் நண்பர்களோடு இமாசலத்தின் பீர் பில்லிங் போய், பாராசூட் போன்ற துணி இறக்கையில் தொங்கியபடி மலையிலிருந்து பறக்க ஆசை. இங்கே கோட்டை மலையில் ஏறினாலே வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அங்கே காற்று எப்படி? டிக்கெட் எடுக்கலாமா?

பதில் (தருமபுரி): எடுக்காதீர்கள். மழைக்காலத்தில், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, அங்கே பறக்கத் தடை. அக்டோபர்தான் தோது. சரிவில் எதிரே மோதும் காற்று தூக்கிவிடும். பின்னாலிருந்து வந்தால் மலை மறைவில் சுழன்று கீழே அமுக்கும். புறப்படும் இடத்தில் காற்றுப்பையை, அதாவது காற்றின் திசையும் வேகமும் காட்டக் கம்பத்தில் கட்டிய துணிக்குழாயை, கவனியுங்கள். தொங்கிக்கொண்டிருந்தது திடீரென விறைத்து, மறுபடி தொங்கினால் காத்திருங்கள். சீரான பலத்த காற்றைவிட இந்த விட்டுவிட்டு அடிக்கும் காற்றுதான் வம்பு. கையில் இரண்டு நாள் உபரி வையுங்கள். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று நச்சரிக்க ஒருவர் கட்டாயம் இருப்பார், முடிவு பைலட்டுடையது.

கேட்டவர்: அந்த ஒருவர் என் மைத்துனர். அக்டோபருக்கே போடுகிறேன்.