கோர் மேலே தூக்கிய பிரச்சனை: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: உருகிய இரும்பை மண் அச்சில் ஊற்றி எடுக்கும் பம்ப் பாடி வார்ப்பில் மேல் சுவர் 4 மி.மீ., கீழ்ச் சுவர் 8, ஏன் என்று. வரைபடத்திலோ இரண்டும் 6. மண்தான் காரணம் என்று நானும் நினைத்தேன். இல்லை.

சேலம் சூரமங்கலத்தில் எங்களுக்குப் பேட்டர்ன் (மண்ணில் அச்சுப் பதிக்கும் மாதிரி) செய்யும் ஆசாரி அண்ணனோடு உட்கார்ந்து, முழுவதையும் கேட் (CAD) மென்பொருளில் திட உருவமாக வரைந்தேன். உள்ளே வெற்றிடம் விழ அச்சுக்குள் வைக்கும் மண் உருவமான கோரைத் தனி உருவமாக எடுத்ததும், அதன் கன அளவு திரையில் வந்தது: சுமார் 400 சி.சி. அந்த அளவு உருகிய இரும்பு ஏறக்குறைய 2.8 கிலோ; மண் கோரோ 650 கிராம்தான். ஆக, இரண்டு கிலோவுக்கு மேல் அதை மேலே தள்ளுகிறது. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள கோர், அச்சில் உட்கார்ந்து அதைத் தாங்கும் முனையான பிரிண்டின் நீளம் வெறும் 25 மி.மீ. நுனி தூக்காமல் என்ன செய்யும்?

“தம்பி, இதைக் கண்ணால பார்த்ததே இல்லை” என்றார் அண்ணன்.

பிரிண்டை 60 ஆக்கினோம். இன்னொரு தவறும் பிடிபட்டது: இரும்பு ஆறும்போது சுருங்குவதால் பேட்டர்னை 1 சதவீதம் பெரிதாக்கியிருந்தோம், கோர் செய்யும் அச்சான கோர் பாக்ஸைப் பெரிதாக்கவில்லை. இப்போது ஒரே மாடலை 1.01 மடங்காக்கி, அதிலிருந்தே இரண்டையும் எடுக்கிறேன்.

நேற்று ஊற்றிய ஐந்தில் ஒன்றை அறுத்துப் பார்த்தோம். மேலே 5.8, கீழே 6.3. அப்புறம், போன மாதம் கேட்டபோது பிரிண்டைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.