பென்ஸ் விலை போட்ட பழைய மார்வெல் இதழ்கள்: உங்கள் கையில் வந்ததும் கைவிட்டுப் போனதும்

ஒன்பது பென்ஸ்:
லண்டனில் ஒரு காமிக்ஸ் சந்தையில் பார்த்த பிரதி மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். 1963 ஸ்பைடர்மேன், ஆரம்ப இதழ்களில் ஒன்று. அட்டையில் அமெரிக்க விலை, 12 சென்ட். உறையிலிருந்து எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், கடைக்காரர் தயங்கித்தான் கொடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்தால் விலை இருக்கும் இடத்தில் மட்டும் பளபளப்பு இல்லை. தாளைச் சுரண்டி, மேலே கறுப்பு மையில் 12 போட்டிருக்கிறார்கள். நல்ல கைவேலை, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. ஆனால் மாதம் இருக்க வேண்டிய இடம் காலி. பிரிட்டனுக்கென்று சென்ட்டுக்குப் பதில் பென்ஸ் விலை போட்டு அச்சடித்த பிரதிகள் பலவற்றில் மாதத்தை எடுத்துவிட்டார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சரக்கு கப்பலில் வந்து கடைக்குப் போவதற்குள் மாதம் பழசாகிவிடும். சுரண்டியவருக்கு அது தெரியவில்லை.

பென்ஸ் பிரதிக்கு மதிப்பில்லை என்று எல்லோரும் ஒதுக்கிய காலத்தில் யாரோ செய்த வேலை இது. அரிதானதை அழித்து, தாராளமாகக் கிடைப்பதைப் போல ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சுரண்டிய தழும்பை விரல் நுனியில் தடவிப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கடைக்காரரிடம் காட்டினேன். பேசாமல் வாங்கி உறையில் போட்டு, அதே விலைக்குத் திரும்ப வைத்தார். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

லெஸ்டர்க்காரி:
நான் இருக்கிறது இங்கிலாந்தில், லெஸ்டரில். 1959-இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அமெரிக்க காமிக்ஸை இறக்கின தோர்ப் அண்ட் போர்ட்டர் கம்பெனியின்ட ஊர். இங்கே கார் பூட் விற்பனையில் (பழைய சாமான்களைக் காரில் கொண்டு வந்து விற்கிற சந்தை) ஒரு வயசான அம்மா தன்னுடைய தமையனின்ட பெட்டியைக் கொண்டு வந்திருந்தா. மேலே முழுக்க மார்வெலின்ட போட்டிக் கம்பெனி டிசி: பேட்மேன், கிரீன் லான்டர்ன், ஜஸ்டிஸ் லீக். எல்லாத்திலும் மை முத்திரை குத்தின 9 பென்ஸ். அடியில் ஒரேயொரு மார்வெல், தோர் வந்த ஜர்னி இன்டு மிஸ்டரி. அதில்தான் 9 பென்ஸ் அச்சிலேயே இருந்தது. நான் அதைத் தூக்கினதும் அவ கையை நீட்டி வாங்கிவிட்டா. விலைக்குப் பக்கத்தில் பென்சிலால் தமையன் தன் பெயரை எழுதியிருந்தார். தங்கச்சி கொண்டுபோய் பழைய இதழ் மாற்றுகிற கடையில் கொடுத்திடுவா என்ற பயத்தில் எழுதினதாம். ஸ்கெக்னஸ் கடற்கரைக்கு விடுமுறையில் போனபோது வாங்கினதாம். "மற்றது எல்லாம் எடு, இது இல்லை" என்றா. நான் பிறகு கேட்கவேயில்லை. ஆனால் எந்த இதழ் என்று எண்ணைப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை, அதுதான் இன்னும் அரிக்குது.

இதெல்லாம் கப்பல் ஆடாமல் இருக்க அடியில் பாரத்துக்குப் போட்டு வந்த சரக்கு என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். கேட்கத் துக்கமாக இருந்தது.

தாள்வாசம்:
அக்கா, அந்தப் பாரக் கதையை இனி யாரும் பரப்பக் கூடாது. முத்திரைப் பிரதிகளையும் அச்சுப் பிரதிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது அது. முத்திரை குத்தியவை அமெரிக்கக் கடைக்காக அச்சடித்த சென்ட் பிரதிகள், பிரிட்டனில் இறங்கிய பிறகு விலை குத்தினார்கள். மார்வெலில் 1960-இல் தொடங்கிய பென்ஸ் பிரதி வேறு. அமெரிக்காவில், அதே அச்சகத்தில், அதே ஓட்டத்தில் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றி 9 பென்ஸ் என்று அடித்தது. கப்பல் அடியில் கொட்டுகிற குப்பைக்கு யாராவது இயந்திரத்தை நிறுத்தித் தகடு மாற்றுவார்களா? எண்ணிக் கேட்டு, காசு கொடுத்து வாங்கிய சரக்கு.

என் கதை சின்னது. பென்ஸ் பிரதி ஒன்றை தரம் பார்க்க அனுப்பி, அமெரிக்காவில் ஒருவருக்கு விற்றேன். தரம் பார்க்கும் நிறுவனமான சிஜிசி அப்போது லேபிளில் 'யுகே எடிஷன்' என்றுதான் போடும். அதைப் பார்த்துவிட்டு, இது மறுபதிப்பு, ஏமாற்றுகிறாய் என்று எழுதினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 'விலை வேறுபாட்டுப் பிரதி' என்று லேபிளை மாற்றிய பிறகு அவரே திரும்ப எழுதி, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னபோது எனக்கே வருத்தமாக இருந்தது.

அப்புறம், எல்லோரும் இதைக் கவனியுங்கள். முதலில் ஸ்டேப்பிள். பிரிட்டிஷ் வீடுகளின் ஈரத்தில் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்பு இறங்கியிருக்கும், வாங்குமுன் நடுவைத் திறந்து பாருங்கள். பிவிசி உறை வேண்டவே வேண்டாம், மைலார் பிளாஸ்டிக் உறை நல்லது, கட்டுப்படி ஆகாவிட்டால் பாலிப்ரொப்பிலீன். பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். சாதாரண அட்டை சில வருடத்தில் பின்பக்கத்தை மஞ்சளாக்கிவிடும். நிமிர்த்தி வையுங்கள், ஆனால் பெட்டியில் நெருக்கித் திணிக்காதீர்கள். மாடி அறையும் நிலவறையும் கூடாது. சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் தாள் நொறுங்கும். பென்சில் பெயர் இருந்தால் அழிக்காதீர்கள், தாளின் மேல்தோல் போய்விடும். விலையைத் திருத்தியிருக்கிறார்களா என்று பார்க்கப் புற ஊதா விளக்கு ஒன்று வாங்குங்கள், பிற்காலத்து மை வேறு நிறத்தில் தெரியும். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. அச்சு மை தாளில் படிந்திருக்கும் விதமும் பேனா மை ஊறியிருக்கும் விதமும் ஒன்றல்ல. உள்ளே பதிப்பக விவரம் இருக்கும் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அட்டை மாற்றிய பிரதிகளும் சுற்றுகின்றன.

ஸ்காபரோ தம்பி:
அண்ணா, நீங்கள் சொன்ன லென்ஸ் என்னிடம் இருக்குது. ஆனால் பென்ஸ் மட்டும்தான் அரிது என்கிற மாதிரிக் கதைக்கிறது சரியில்லை. கனடா விலைப் பிரதிகளும் இதே வேலைதான். 1982 தொடக்கம் 1986 வரை வந்தது, ஆரம்பத்தில் அமெரிக்காவில் 60 சென்ட், எங்களுக்கு 75. அதே அச்சகம், அதே ஓட்டம்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஸ்பைடர்மேன் 238, 75 சென்ட் பிரதி. ஹாப்காப்ளின் என்கிற வில்லன் முதல் வந்தது. உள்ளே தோலில் ஒட்டுகிற டாட்டூத் தாள் அப்படியே இருந்தது, அந்தத் தாள் இல்லாவிட்டால் விலை பாதியாகிப் போகும். எனக்கு முன்னால் நின்ற ஒரு தகப்பன் அதை வாங்கி, அங்கேயே திறந்து, டாட்டூத் தாளைக் கிழித்து மகளிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளை முழங்கையில் தண்ணீர் தொட்டு ஸ்பைடர்மேனை ஒட்டிக்கொண்டு ஓடினது. வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையின்ட சந்தோசமும் உண்மை, அந்தப் பிரதி போனதும் உண்மை.

தாள்வாசம்:
தம்பி, கனடாவைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 80-களில் சேர்ப்பவர்கள் இருந்தார்கள், பாதுகாத்தார்கள். 1962-இல் பிரிட்டனில் 9 பென்ஸ் கொடுத்து ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த அமேசிங் ஃபேன்டஸி 15 வாங்கிய பையன் அதைப் படித்தான், மாற்றினான், கடைசியில் அம்மா எறிந்தாள். மிஞ்சியது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

பச்சை மனிதன்:
வுல்வரின் முதலில் முழுதாக வந்த ஹல்க் 181, அதன் பென்ஸ் பிரதி வேண்டுமா என்று எனக்கு ஒரு செய்தி வந்தது. புகைப்படத்தில் அட்டையில் பென்ஸ் விலை அழகாக உட்கார்ந்திருக்கிறது. 1974 நவம்பர் இதழ். பிரிட்டனில் 1972-இலிருந்தே 'மைட்டி வேர்ல்ட் ஆஃப் மார்வெல்' வார இதழில் ஹல்க் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நாயகன் இரண்டு இடத்தில் மோதக் கூடாது என்று பல தலைப்புகளை அங்கே அனுப்பாமல் விட்டார்கள், அதனால் எனக்குச் சந்தேகம் வந்தது.  உள்பக்கப் படம் கேட்டேன். பதில் வரவில்லை, கொஞ்ச நேரத்தில் அந்தக் கணக்கே மறைந்துவிட்டது. வேறு யாராவது ஒரு புதுப் பையன் சேமிப்பை எல்லாம் கொட்டி அதை வாங்கியிருப்பானோ என்பதுதான் என் கவலை.

அப்புறம், 60-களின் டிசியில் அச்சடித்த 9 பென்ஸ் பார்த்தேன் என்று வேறு இடத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். அந்தக் காலத்து டிசிக்கு முத்திரைதான். அச்சு விலை 1978-இல்தான் வருகிறது.

ஒன்பது பென்ஸ்:
பச்சை மனிதன், அந்தப் படம் கையில் இருந்தால் இங்கே போடுங்கள், புதிதாக வருபவர்கள் பார்க்கட்டும். லெஸ்டர் அக்கா, அட்டையில் யார் இருந்தார் என்று ஞாபகம் இருக்கிறதா? லோகியா, கல் மனிதர்களா? கல் மனிதர்கள் என்றால் 83. தோரின் முதல் இதழ்.

லெஸ்டர்க்காரி:
சிவப்புச் சால்வை மட்டும்தான் ஞாபகம். அந்த அம்மா வசந்த காலத்தில் திரும்பவும் கடை போடுவா என்று சொன்னா. போய் இதழ் எண்ணை மட்டும் கேட்டு வந்து எழுதுகிறேன்.