கடத்துத்திறன் 0.75 வர வேண்டும், 0.5 வருகிறது (அவசரம்)

கேத்தி_பனி | இரவு 11.52
வணக்கம். நாளைக் காலை கைடுக்கு அனுப்பியாக வேண்டும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கணினியில் ஓட்டுவது ஒற்றைப் பரிமாணச் சங்கிலி, அதாவது எலக்ட்ரான்கள் உட்காரும் தளங்களின் வரிசை; எலக்ட்ரான்களுக்குள் விலக்கல் உண்டு. இடது பாதியில் கொஞ்சம் அதிகமாகச் சேரும்படி மின்னழுத்தம் வைத்துத் தரைநிலை (மிகக் குறைந்த ஆற்றல் நிலை) எடுக்கிறேன். பிறகு அழுத்தத்தை ஒரே அடியாக நீக்கிவிட்டு நடுவில் ஓடும் மின்னோட்டத்தைப் பார்க்கிறேன். ஓட்டம் ஏறுகிறது, தட்டையாக நிற்கிறது, அதுவரை அழகு. ஆனால் அதிலிருந்து வரும் கடத்துத்திறன் 0.5-க்குக் கொஞ்சம் மேலே. 0.75 வர வேண்டும். மூன்று நாளாக மண்டை காய்கிறது. இங்கே விடாத மழை, ஊரே இருட்டு, லேப்டாப் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. எங்கே தவறு?

சமன்பாடு_சாமி | 11.58
எத்தனை தளம்? விலக்கல் எவ்வளவு? ஸ்பின் உண்டா? நிரப்பல் என்ன? 0.75 எந்த அலகில்? தம்பி, இங்கே யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை. கேள்வி கேட்பதும் ஒரு கலை. இன்னொன்று, எலக்ட்ரான் என்று எழுதாதீர்கள். மின்னணு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது.

கேத்தி_பனி | இரவு 12.03
தம்பி இல்லை சார், தங்கச்சி. எல்லாம் வழக்கமானதுதான். 60 தளம், விலக்கல் 1, ஸ்பின் கிடையாது, பாதி நிரப்பல் (இரண்டு தளத்துக்கு ஓர் எலக்ட்ரான்), இரண்டு முனையும் திறந்தது. அலகு, மின்னூட்டத்தின் இருமடியைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தது. லட்டிஞ்சர் கே (விலக்கலின் பாதிப்பைக் காட்டும் எண், விலக்கல் இல்லாவிட்டால் 1) 0.75, அதனால் கடத்துத்திறனும் 0.75.

தொடுமுனை | 12.10
0.75-உம் தப்பு, 0.5-உம் தப்பு. 1 வர வேண்டும். கே மடங்கு என்பது 1982-இல் ஏபெலும் ரைஸும் சொன்னது. 1995-இல் மாஸ்லோவ்–ஸ்டோன், சாஃபி–ஷுல்ஸ், பொனோமரென்கோ என்று மூன்று தரப்பு தனித்தனியாகக் கணக்குப் போட்டு, சுத்தமான கம்பியைச் சாதாரண உலோக முனைகளோடு இணைத்தால் விலக்கல் கடத்துத்திறனில் தெரியவே தெரியாது, முழு 1 கிடைக்கும் என்று காட்டிவிட்டார்கள். எல்லாக் கோளாறும் தொடுமுனையில்தான். நான் பத்து வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொடை_குறிஞ்சி | 12.16
உங்கள் பெயரே அதுதானே. ஆனால் அவள் சங்கிலியில் தொடுமுனையே இல்லையே? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே விலக்கல். அந்த நிலையில் கே மடங்குதான் சரி. தங்கச்சி, உன் எதிர்பார்ப்பில் தவறில்லை.

சமன்பாடு_சாமி | 12.21
இதற்கெல்லாம் 1995 வரை போக வேண்டாம். நேரம் கூடக்கூடத் தளங்களுக்கிடையே குவாண்டப் பின்னல் வளரும், டி.எம்.ஆர்.ஜி. என்ற கணக்கீட்டு முறை அதைத் தாங்காமல் வெட்டித் தள்ளும், ஓட்டம் குறைவாகத் தெரியும். பிணைப்புப் பரிமாணத்தை, அதாவது வெட்டாமல் வைத்துக்கொள்ளும் நிலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இதே குழுவில் இதை நாற்பது முறையாவது எழுதியிருப்பேன். தேடல் பெட்டி அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

கேத்தி_பனி | 12.24
தேடிவிட்டுத்தான் வந்தேன் சார். 400-இலும் ஓட்டினேன், 800-இலும் ஓட்டினேன். மூன்றாவது தசமம் கூட அசையவில்லை. எனக்கு இன்னொன்றும் புரியவில்லை. இவ்வளவு மோதல் நடக்கிறதே, ஓட்டம் ஏன் தேய்ந்து போகாமல் தட்டையாகவே நிற்கிறது? அதுவும் பிழையின் அறிகுறியா?

கொடை_குறிஞ்சி | 12.37
அது பிழை இல்லை. மழையில் ரோடு சரிந்தால் என்ன செய்வார்கள்? மேலிருந்து வரும் பஸ்ஸும் கீழிருந்து வரும் பஸ்ஸும் சரிவு வரைக்கும் வந்து, ஆட்களை மாற்றி ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பும். பெருமாள்மலைப் பக்கம் நானே இப்படி இறங்கி ஏறியிருக்கிறேன். பஸ்ஸைப் பார்த்தால் திரும்பிவிட்டது, ஆட்களைப் பார்த்தால் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே கோட்டில் சம நிறையுள்ள இரண்டு துகள் மோதினாலும் இவ்வளவுதான். ஆற்றலும் உந்தமும் மாறக்கூடாது என்றால், வேகத்தை மாற்றிக்கொள்வதைத் தவிர அவற்றுக்கு வேறு வழி கிடையாது. எலக்ட்ரான்களிடையே ஆள் அடையாளமும் இல்லை, ஆகவே ஒன்றுமே நடக்காத மாதிரிதான். பழைய சமநிலை கலைந்த பிறகு புதிய சமநிலைக்கு வர, மூன்று பேர் ஒரே நேரத்தில் மோதுவது போல வேறு ஏதாவது வேண்டும். 2006-இல் கினோஷிட்டா, வெங்கர், வைஸ் மூவரும் ருபிடியம் அணுக்களை ஒற்றைக் கோட்டில் அடைத்து ஊசலாட விட்டார்கள். ஆயிரக்கணக்கான மோதல் ஆகியும் அவை வெப்பச் சமநிலைக்கு வரவில்லை. அவை போசான்கள், உன்னுடையவை ஃபெர்மியான்கள், ஆனால் குணம் இதே குணம்தான். கார்பன் நானோகுழாயிலும் 2009-இல் மீக்கடத்தி முனை வைத்து அளந்தார்கள். கடுங்குளிரில், சில மைக்ரான் நீளத்துக்கு, எலக்ட்ரான்கள் தங்களுக்குள் ஆற்றலை அவ்வளவாகப் பகிரவில்லை. 1.5 கெல்வினுக்கு ஏற்றியதுமே பகிர்வு நன்றாகக் கூடியது.

தொடுமுனை | 12.41
அந்த நானோகுழாய்க்கும் தொடுமுனை உண்டு என்பதைக் கவனிக்கவும்.

ரன்னிமேடு | 12.46
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரே கேள்வி. தட்டையாக நிற்கும் ஓட்டம் எப்போது விழுகிறது?

கேத்தி_பனி | 12.49
நேரம் 38 வாக்கில் விழுந்து அப்புறம் எதிர்த்திசையில் போகிறது. முனையில் மோதித் திரும்பும் அலைதான் அது என்று தெரியும் அண்ணா, அதனால்தான் எழுதவில்லை.

சமன்பாடு_சாமி | 12.51
பார்த்தீர்களா, சங்கிலி நீளம் போதவில்லை. 200 தளமாவது வேண்டும். முதலிலேயே சொல்ல நினைத்தேன்.

ரன்னிமேடு | 1.08
நீளம் போதும். எழுதாமல் விட்டாயே, அந்த 38-இல்தான் விடை இருக்கிறது. நடுவில் கிளம்பும் அலை 30 தளம் போய், 30 தளம் திரும்பி வருகிறது. மொத்தம் 60. நீ நினைக்கிறபடி ஹாப்பிங் (எலக்ட்ரான் பக்கத்துத் தளத்துக்குத் தாவும் வலிமை) 1, விலக்கல் 1 என்றால் டெல்டா, அதாவது விலக்கலை ஹாப்பிங்கின் இருமடங்கால் வகுத்தது, 0.5, கே 0.75, வேகம் 2.6. அப்படியானால் ஓட்டம் 23-லேயே விழ வேண்டும். உனக்கு 38 ஆகிறது. 60-ஐ 38-ஆல் வகுத்துப் பார், 1.58. இந்த எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இல்லையா? பை-யில் பாதி 1.57. ஹைசன்பர்க் சங்கிலியின் (டெல்டா 1 ஆக உள்ள ஸ்பின் சங்கிலி) வேகம் அது, 1962-இல் டெ குளோவாசோவும் பியர்சனும் கண்டது. ஆக, உன் நிரல் டெல்டா 1-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே கே சரியாக 0.5. கொஞ்சம் மேலே நிற்பதற்கும் காரணம் உண்டு, அந்தப் புள்ளியில் லாகரிதத் திருத்தம் ஒன்று லேசில் விடாது.

நீ எழுதியது எலக்ட்ரான் நிரலா, இல்லை ஸ்பின் சங்கிலி மாதிரியை எடுத்து ஜோர்டன்–விக்னர் (ஸ்பின்னை எலக்ட்ரானாக மாற்றிப் படிக்கும் வழி) சொல்லி ஓட்டினாயா? இரண்டாவது என்றால், ஏற்று இறக்கு உறுப்புக்கு (அதுதான் எலக்ட்ரான் மொழியில் ஹாப்பிங்) முன்னால் ஒரு அரை ஒளிந்திருக்கும். உன் ஹாப்பிங் 1 அல்ல, 0.5. விலக்கலை இதற்கு மேல் ஒரு துளி கூட்டியிருந்தால் ஆற்றல் இடைவெளி திறந்து, கடத்தியே மின்கடத்தாப் பொருளாகியிருக்கும். பயாஸ் (தொடக்கத்தில் கொடுத்த மின்னழுத்தம்) எவ்வளவு வைத்தாய் என்பதையும் சொல்.

சமன்பாடு_சாமி | 1.15
இதைத்தான் நான் முதல் பதிலில் ‘விலக்கல் எவ்வளவு’ என்று கேட்டேன்.

கொடை_குறிஞ்சி | 1.17
விலக்கலைக் கேட்டீர்கள் சாமி, ஹாப்பிங்கைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எல்லாரும் அதை 1 என்றே வைத்துக்கொண்டோம்.

தொடுமுனை | 1.22
எல்லாம் சரி, ஆனால் நிஜக் கம்பியில் இவர்கள் யாருக்கும் 0.75 வராது. தருச்சா குழு 1995-இல் காலியம் ஆர்சனைடு கம்பியில் அளந்தபோது முழு அளவுக்குப் பக்கத்தில்தான் வந்தது.

கொடை_குறிஞ்சி | 1.26
அடுத்த வருடமே யாகோபி குழு அளந்த கம்பிகளில் 25 சதவீதம் வரை குறைவாகத்தானே வந்தது?

தொடுமுனை | 1.29
அது கம்பிக்குள் எலக்ட்ரான் நுழையும் இடத்துக் கோளாறு. அதாவது தொடுமுனை!

சமன்பாடு_சாமி | 1.31
மின்னணு.

ரன்னிமேடு | 1.35
மின்னணு என்றால் இப்போது வாக்கு இயந்திரம்தான் ஞாபகம் வருகிறது சாமி. எதிர்மின்னி என்றும் சிலர் எழுதுகிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு எது புரிகிறதோ அது போதும்.

சமன்பாடு_சாமி | 1.44
அப்படி விட்டுவிட்டுத்தான் இன்று ‘ஹாப்பிங்’ வரை வந்திருக்கிறோம். ‘தாவல்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கொடை_குறிஞ்சி | 1.47
தாவல் நன்றாகத்தான் இருக்கிறது, நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தாவலுக்கு முன்னால் உள்ள அரையை எந்த மொழியில் எழுதினாலும் மறக்கத்தான் செய்வோம். லட்டிஞ்சரே 1963-இல் தன் மாதிரியைத் தீர்த்தபோது தவறினார். இரண்டு வருடம் கழித்து மாட்டிஸும் லீபும் திருத்தினார்கள். தங்கச்சி, இருக்கிறாயா?

ரன்னிமேடு | 2.05
இன்வெர்ட்டர் தீர்ந்திருக்கும்.

கேத்தி_பனி | மறுநாள் மாலை 4.40
ஸ்பின் மாதிரிதான் அண்ணா, அந்த அரையேதான். தாவல் உறுப்பை இருமடங்காக்கினேன், 0.74 வருகிறது, ஓட்டம் 23-இல் திரும்புகிறது. பயாஸ் 0.1. கைடுக்கு அனுப்பிவிட்டேன். கரண்ட் இன்னும் வரவில்லை, குன்னூரில் ஒரு டீக்கடையில் சார்ஜ் போட்டு எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

தொடுமுனை | 4.52
இரு பக்கமும் விலக்கல் இல்லாத 20 தளம் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாரேன்?