சங்கத்தின் அகப்பக்கத்தைத் திருத்த எந்த நிரல்திருத்தி ஏற்றது: விஎஸ் கோடா, நோட்பேட்++ஆ?

பட்டர்வொர்த் செயலாளர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சங்கத்தின் அகப்பக்கம் வேர்ட்பிரஸ் போன்ற அமைப்பு எதிலும் இயங்குவதன்று. பக்கங்களுக்கான முப்பது எச்டிஎம்எல் கோப்புகளும் தோற்றத்தை அமைக்கும் ஒரு சிஎஸ்எஸ் கோப்புமே அதன் முழு உருவம். அதைப் பராமரித்து வந்த இளைஞர் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குச் சென்றுவிட்டதால், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் அறிவிப்பு, தொண்டர் பதிவு, செயலவையினரின் தொலைபேசி எண் மாற்றம் ஆகியவற்றை இனி நானும் மற்றோர் உறுப்பினரும் கவனிக்க வேண்டியுள்ளது. எங்கள் இருவருக்கும் நிரலாக்கம் புதிது. எங்களிடம் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. பழைய விழா மலர்ப் பக்கங்கள் சில, யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்டவை என்று அந்த இளைஞர் சொல்லிச் சென்றார். எந்த மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்?

பாயான் லெப்பாஸ் நிரலர்:
வணக்கம் ஐயா. தயங்காமல் விஎஸ் கோடை நிறுவுங்கள். 2015இல் மைக்ரோசாப்ட் அறிமுகப்படுத்திய இந்த எடிட்டர் இலவசமானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே தோற்றத்தில் இயங்குவதால், நாளை மேக் கணினி வைத்திருக்கும் ஓர் இளையர் உதவ முன்வந்தாலும் நீங்கள் எழுதி வைத்த குறிப்புகள் அவருக்கும் பொருந்தும். கோப்புகளைத் தனித்தனியாகத் திறக்காமல் முழுக் கோப்புறையையும் திறந்து வேலை செய்யலாம். வெற்று எச்டிஎம்எல் கோப்பில் ஒரு வியப்புக்குறியை இட்டு டேப் விசையை அழுத்தினால் எச்டிஎம்எல் பக்கத்தின் அடிப்படைக் கூடு வந்துவிடும். புதியவர்களுக்கு நான் முதன்மையாகச் சொல்வது, 2022 மார்ச் பதிப்பில் சேர்ந்த உள்ளக வரலாறு என்னும் வசதியை: நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பின் அப்போதைய நிலை தனியே பதிவாகிவிடும் என்பதால், நேற்று நன்றாக இருந்த பக்கத்தை இன்று கெடுத்துவிட்டாலும் மீட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பிராக்கெட்ஸ் எடிட்டருக்கான ஆதரவை அடோபி 2021இல் நிறுத்தியது. ஆட்டம் (Atom) என்னும் எடிட்டர் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. பெருந்திரளானோர் பயன்படுத்தும் கருவியைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை இல்லை.

ஜார்ஜ்டவுன் அச்சகத்தார்:
தம்பி சொன்ன கடைசிச் சான்று அவருக்கே எதிரானது. ஆட்டம் எடிட்டர் கிட்ஹப் நிறுவனத்தின் படைப்பு. கிட்ஹப்பை 2018இல் வாங்கியது மைக்ரோசாப்ட். பெரிய நிறுவனத்தின் கையில் இருப்பது நெடுங்காலம் இருக்கும் என்பதற்கு ஆட்டம் நல்ல எடுத்துக்காட்டு ஆகாது. 2003இல் வெளிவந்த நோட்பேட்++ஓ இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அதன் நிறுவல் கோப்பு சில மெகாபைட் அளவே. விஎஸ் கோடு எலெக்ட்ரான் என்னும் சட்டகத்தின் மேல் எழுந்தது, அதாவது ஒவ்வொரு முறையும் உள்ளே ஓர் உலாவியே இயங்குகிறது. 4 ஜிபி நினைவகத்தில் அதனுடன் குரோமையும் திறந்து வைத்தால் செயலாளர் ஐயா காத்திருந்தே களைத்துப்போவார்.

ஆயினும் என் முதன்மையான மறுப்பு வேகத்தைப் பற்றியதன்று. பழைய தமிழ்ப் பக்கங்களைப் பற்றியது. திஸ்கியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒரு பைட் மட்டுமே. ஆங்கில எழுத்துகளுக்குரிய முதல் 128 இடங்களை விட்டுவிட்டு, மேல் 128 இடங்களில் தமிழை அமைத்திருந்தார்கள். இத்தகைய கோப்பை விஎஸ் கோடில் திறந்தால், அது யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கம் என்றே எடுத்துக்கொண்டு, தனக்குப் புரியாத ஒவ்வொரு பைட்டின் இடத்திலும் கருஞ்சாய்சதுரத்துள் கேள்விக்குறி இட்ட அடையாளத்தைக் காட்டும். அதுவரை கேடில்லை. அந்நிலையில் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்தீர்களானால், திரையில் தெரிந்த அந்த அடையாளமே கோப்பில் எழுதப்பட்டு, மூலப் பைட்டுகள் அனைத்தும் அழிந்துவிடும். பிறகு எந்த எழுத்துரு மாற்றியாலும் அந்த விழா மலரை மீட்க இயலாது. நோட்பேட்++இலோ அதே கோப்பு ஆன்சி, அதாவது விண்டோஸின் பழைய ஒரு பைட் குறியாக்கம், என்று திறக்கும். திரையில் பொருளற்ற லத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தாலும் பைட்டுகள் இருந்தபடியே இருக்கும். குறியாக்கத்தைத் தானாகக் கண்டறியும் தெரிவை மட்டும் முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அது வேறேதோ மொழியென்று ஊகிக்கக்கூடும்.

பாயான் லெப்பாஸ் நிரலர்:
ஐயா சொல்லும் ஆபத்து உண்மையானதே. ஆனால் அது முப்பது பக்கங்களில் நான்கைந்துக்கு மட்டுமே பொருந்தும். விஎஸ் கோடின் கீழ் வலது ஓரத்தில் குறியாக்கத்தின் பெயர் எப்போதும் தெரிகிறது. அதைச் சொடுக்கி, ஐஎஸ்ஓ 8859-1 என்னும் மேற்கத்தியக் குறியாக்கத்தில் மீண்டும் திறந்தால் அங்கும் பைட்டுகள் சிதையா.

நோட்பேட்++இல் உள்ள ஆபத்தையும் சொல்வோமே. எல்லாப் பக்கங்களின் அடியிலும் உள்ள தொலைபேசி எண்ணை ஒரே தடவையில் மாற்ற, கோப்புகள் அனைத்திலும் தேடி மாற்றும் வசதியைத்தான் புதியவர் நாடுவார். நோட்பேட்++ அவ்வாறு மாற்றுவதை நேரே வட்டில் எழுதிவிடும். திறக்கப்படாத கோப்புகளில் நிகழ்ந்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் கட்டளை இல்லை. சேமிக்கும்போது பழைய படியைக் காக்கும் தெரிவு அதில் உண்டு, ஆனால் நிறுவியவுடன் அது இயங்கும் நிலையில் இராது. விஎஸ் கோடோ எந்தக் கோப்பில் எந்த வரி எப்படி மாறப்போகிறது என்பதை முதலில் காட்டி, வேண்டாதவற்றை விலக்கவும் இடம் தருகிறது. என்றோ ஒருநாள் திறக்கும் விழா மலரைவிட மாதந்தோறும் செய்யும் இந்த வேலைதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

பிறை ஆசிரியை:
இருவரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். மாலை வகுப்பில் கணினி கற்பிப்பவள் என்ற முறையில் நான் காண்பது வேறு. புதியவர் அறிவிப்பைப் புலனக் குழுவிலிருந்தோ வேர்டு கோப்பிலிருந்தோ நகலெடுத்து ஒட்டுகிறார். வேர்டு நேரான மேற்கோள் குறிகளை வளைந்தவையாக மாற்றிவிடுவதால், இணைப்பு முகவரியைச் சூழ்ந்த குறிகள் கெட்டு இணைப்பு வேலை செய்வதில்லை. காரணம் தெரியாமல் அவர் பக்கம் முழுவதையும் குலைக்கிறார். இத்தகைய இடத்தில் நிறம் மாறிக் காட்டும் எடிட்டர் எதுவாயினும் உதவும். அந்த உதவியை இரண்டுமே தருகின்றன.

விஎஸ் கோடைப் பற்றி எனக்குள்ள மனக்குறை அதன் ஆரவாரம். திறந்தவுடன் வரவேற்புப் பக்கம், நீட்சிகள் என்னும் கூடுதல் வசதிகளை நிறுவச் சொல்லும் அறிவிப்பு, 2024 டிசம்பர் முதல் இலவசமாகவும் கிடைக்கும், செயற்கை நுண்ணறிவால் நிரலைப் பரிந்துரைக்கும் கோபைலட்டின் அழைப்பு. கோணக்குறிக்குள் என்ன எழுதுகிறோம் என்றே விளங்காத ஒருவருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பத்தி தானாக முளைத்தால், அவர் டேப் விசையை அழுத்தி அதை ஏற்றுக்கொள்வாரே தவிர படிக்க மாட்டார். கற்கும் வரை அவ்வசதிகளை அமைப்புகளில் முடக்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீட்சிகளும் முதல் மாதத்தில் தேவையில்லை. கோப்பை உலாவியில் திறந்து வைத்துக்கொண்டு, சேமித்ததும் எஃப்5 விசையை அழுத்தினாலே போதும்.

பாயான் லெப்பாஸ் நிரலர்:
கோபைலட்டை முடக்குவதில் உடன்படுகிறேன். ஆனால் சேமித்தவுடன் உலாவியைத் தானே புதுப்பிக்கும் லைவ் சர்வர் நீட்சி ஒன்றையாவது அனுமதியுங்கள் ஆசிரியை அவர்களே. மாற்றத்தின் விளைவை உடனே காண்பவர் விரைவாகக் கற்கிறார்.

பிறை ஆசிரியை:
எஃப்5 விசையை அழுத்தத் தெரியாதவர் அகப்பக்கத்தைத் திருத்த வேண்டாம்.

பட்டர்வொர்த் செயலாளர்:
அனைவருக்கும் நன்றி. தொலைபேசி எண்கள் அடிக்கடி மாறுவதாலும், சேமித்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி எங்களைப் போன்றோருக்குத் தேவை என்பதாலும் விஎஸ் கோடையே நிறுவுகிறோம். நீட்சிகளின்றி, ஆசிரியை கூறியவாறு பிற வசதிகளை முடக்கி. மடிக்கணினி திணறினால் நோட்பேட்++க்கு மாறிக்கொள்வோம். விழா மலர்ப் பக்கங்களை என்ன செய்வது என்பதே மீதமுள்ள கேள்வி.

ஜார்ஜ்டவுன் அச்சகத்தார்:
முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, ஆயினும் மதிக்கிறேன். விழா மலர்க் கோப்புகளை இப்போதே வேறொரு கோப்புறைக்கு நகலெடுத்து, அக்கோப்புறையை விஎஸ் கோடில் திறப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னர் நகலை நோட்பேட்++இல் திறந்து, உரையை மட்டும் எடுத்து, திஸ்கியை யூனிகோடாக்கும் மாற்றி ஒன்றில் இட்டு, வரும் தமிழைப் புதிய யூடிஎஃப்-8 கோப்பில் ஒட்டுங்கள். நோட்பேட்++இன் பட்டியலில் யூடிஎஃப்-8க்கு மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. அது லத்தீன் எழுத்துகளை லத்தீன் எழுத்துகளாகவே மாற்றித் தருமே ஒழியத் தமிழாக்காது என்பதால் அதை நம்பி ஏமாற வேண்டாம். புதிய கோப்பின் தலைப்பகுதியில் குறியாக்க அறிவிப்பு முதல் 1024 பைட்டுகளுக்குள் முழுமையாக இடம்பெற வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. எனவே அதைத் தலைப்புக்கும் முன்னதாகவே எழுதிவிடுங்கள்.

பாயான் லெப்பாஸ் நிரலர்:
நகலெடுக்கும்போது முப்பது பக்கங்களையும் சேர்த்தே எடுத்து, ஒரு விரலியிலும் வைத்துவிடுங்கள் ஐயா. எஃப்டிபி என்னும் கோப்புப் பரிமாற்ற முறை வழியாக வழங்கியிலுள்ள (சர்வர்) கோப்பை நேரடியாகத் திறந்து திருத்தும் வழக்கம் அந்த இளைஞருக்கு இருந்திருந்தால், அதை மட்டும் நீங்கள் தொடர வேண்டாம்.