ஜிராவில் முடிந்தது, கடையில் முடிந்ததா?

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், சென்னையில், வாடிக்கையாளர் சேவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கடைக்காரர்களின் புகார்கள் ஜென்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருளில் டிக்கெட்டாக, அதாவது தனித்தனிப் புகார்ப் பதிவாக, வந்து சேரும். பொறியாளர்கள் தங்கள் வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் ஜிரா என்ற மென்பொருளில் வேலை செய்வார்கள். நடுவில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் நாள் முழுக்க இங்கிருந்து அங்கே நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளை அந்த வேலையிலிருந்து விடுவிக்கத்தான் கருவி தேடினோம்.

விற்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே காட்டினார்கள்: டிக்கெட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஜிராவில் பதிவு உருவாகிறது. அதைப் பார்த்தே ஒன்றை வாங்கிவிட்டோம். ஜிராவிலிருந்து என்ன திரும்பி வரும் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம், ரசீதில் ஜிஎஸ்டி தொகை தவறாக வருவதாக 37 கடைகளிலிருந்து புகார். பொறியாளர் நிரலைத் திருத்தி, ஜிராவில் ‘முடிந்தது’ என்று மாற்றினார். உடனே கருவி 37 டிக்கெட்டுகளையும் தீர்ந்ததாக மாற்றி, 37 பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. திருத்தம் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்ததோ ஆறு நாள் கழித்து. ஜென்டெஸ்க்கின் இயல்பான அமைப்பில் தீர்ந்த டிக்கெட் 4 நாட்களில் தானாக மூடிக்கொள்ளும். மூடியதை மறுபடி திறக்க முடியாது. ஆகவே உண்மையான செய்தியைச் சொல்ல ஒரு டிக்கெட்டும் மிஞ்சவில்லை. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தோம். மதுரைக்காரர் ஒருவர், “சரியாகிவிட்டது என்று எழுதினீர்களே அம்மா, அதை நம்பி இரண்டு நாள் ரசீது போட்டுக் கொடுத்துவிட்டேனே” என்றார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது ஜிராவில் ‘வெளியானது’ என்று தனி நிலை வைத்திருக்கிறோம். அதுவரை டிக்கெட் ‘நிறுத்திவைப்பு’ நிலையில் இருக்கும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது திறந்த டிக்கெட்டாகவே தெரியும். கடைசிப் பதிலை மனிதர்தான் எழுதி அனுப்புகிறார். புதுக் கருவி பார்க்கிறோம். இரு பக்கமும் ஒத்திசைக்கும் கருவியைப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (பொறியாளர், கோயம்புத்தூர்)

சகோதரி, இரு பக்க ஒத்திசைவில் முதலில் பார்க்க வேண்டியது எதிரொலி. எங்கள் முந்தைய அலுவலகத்தில் ஜிராவில் எழுதிய கருத்து டிக்கெட்டுக்குப் போனது; அங்கே அதைப் புதுக் கருத்து என்று எண்ணி கருவி மறுபடி ஜிராவுக்கே அனுப்பியது. இரவு முழுக்க ஓடியது. காலையில் ஒரே வாக்கியம் நூற்றுக்கணக்கில் கிடந்தது. ஒத்திசைவுக்கென்று தனிக் கணக்கு வைத்து, அந்தக் கணக்கு செய்யும் மாற்றங்களைக் கருவி கண்டுகொள்ளாதபடி அமைத்த பிறகே நின்றது.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. “இந்த வாடிக்கையாளர் கேட்பது நியாயமே இல்லை” என்று எங்களுக்குள் எழுதிய வரி ஒன்று அவருக்கே போய்விட்டது. எந்தக் கருத்து உள்குறிப்பாகச் சேரும், எது வெளியே போகும் என்பதைச் சோதனைக் கணக்கில் உங்கள் கையால் ஓட்டிப் பாருங்கள். விற்பவர் சொல்லை நம்ப வேண்டாம்.

எக்ஸலேட் என்ற ஒத்திசைவுக் கருவியில் எதை அனுப்புவது, எதை ஏற்பது என்பதை அந்தந்தப் பக்கமே குரூவி என்ற நிரல் மொழியில் எழுதி முடிவு செய்யலாம். கட்டுப்பாடு அதிகம், ஆனால் நிரல் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். யுனிட்டோ என்ற இன்னொரு கருவி, நிரல் எழுதாமல் இரு பக்கப் புலங்களை (தகவல் கட்டங்களை) இணைக்க உதவும். பல டிக்கெட்டுகளை ஒரே ஜிரா பதிவோடு கட்டிவைப்பது மட்டும் போதும் என்றால், ஜென்டெஸ்க் தரும் ஜிரா இணைப்பே அதைச் செய்கிறது. முதலில் அதை முயன்று பாருங்கள்.

மறுமொழி (நான்கு பேர் குழு, திருச்சி)

நாங்கள் எதுவும் வாங்கவில்லை. ஜென்டெஸ்க் போன்ற பிரெஷ்டெஸ்க்கில்தான் புகார்கள் வரும்; பொறியாளர்கள் திருத்த வேலைகளைக் கிட்ஹப் தளத்தில் எண்ணிட்டுப் பதிகிறார்கள். பிரெஷ்டெஸ்க் டிக்கெட்டில் அந்தக் கிட்ஹப் எண்ணுக்கு ஒரு புலம் சேர்த்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் அரை மணி நேரம், வெளியான திருத்தங்களை வைத்துக்கொண்டு அந்த எண்ணைத் தேடி, ஒவ்வொருவருக்கும் எழுதுகிறோம். வாரம் இருபது டிக்கெட் வரை இது தாங்குகிறது.

பதிவிட்டவர்

நன்றி ஐயா. தனிக் கணக்கு விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாளை வரும் விற்பனையாளரிடம் பொத்தானைக் காட்ட வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். ஜிராவில் ‘முடிந்தது’ என்று மாற்றி, என் பெட்டிக்கு என்ன மின்னஞ்சல் வருகிறது என்பதை மட்டும் காட்டச் சொல்வேன்.