அதிகம் பேர் போகாத சிகரம்: ஒரே ஒரு ஜிபிஎஸ் தடத்தை நம்பி ஏறலாமா?

கேள்வி: நிலாமுகடு

செப்டம்பரில் 2,800 மீட்டர் சிகரம் ஒன்றுக்கு மூன்று பேர் போகிறோம். வழிகாட்டிப் புத்தகங்களில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இணையத்தில் யாரோ ஏற்றிய ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பும் (ஜிபிஎஸ் தடத்தைப் பதிவு செய்யும் கோப்பு) 'கிளாஸ் 3' (கைகளையும் ஊன்றி ஏற வேண்டிய பாறை) என்ற குறிப்பும்தான் கிடைத்தன. கடைசி 300 மீட்டரில் அந்தத் தடம் ஒரு பாறைப் பள்ளத்துக்குள் (சரிவில் மேலிருந்து கீழே இறங்கும் ஒடுக்கமான பிளவு) நேராகப் போகிறது. பக்கத்தில் மேற்கு முகடு இருக்கிறது, ஆனால் படத்தில் பார்த்தால் சுவர் மாதிரி நிற்கிறது. பள்ளத்திலேயே ஏறிவிடலாமா? பாறையேற்றத்தில் எங்களுக்குப் பழக்கம் குறைவு.

பதில்: சரளைக்கல்

முதலில் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பாலான கோப்புகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும் (யுடிசி என்ற உலகப் பொது நேரம், உங்கள் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்). எந்த மாதம் போனார்கள், பள்ளத்தில் ஏறினார்களா இறங்கினார்களா, எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று எல்லாமே அதில் தெரிந்துவிடும். வரைபடத்தின் மேல் கோடாகப் பார்க்கும்போது இது எதுவும் தெரியாது. கயிறு போட்டார்களா என்பதும் தெரியாது.

பள்ளம் எனக்குப் பிடிக்கவில்லை. மேலே எங்கே கல் பெயர்ந்தாலும் அதற்குள்தான் வந்து விழும், ஒதுங்கவும் இடம் இருக்காது. இரவில் உறைந்து பிடித்திருக்கும் கற்கள் வெயில் பட்டதும் விடுபடும். உங்களுக்கு மேலே ஏறுகிற நண்பரின் காலே போதும், கல் உருள.

முகட்டைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். சரிவுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் எந்த மலையும் உள்ளதைவிடச் செங்குத்தாகத்தான் தெரியும். ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிவாரத்தில் சுவிட்சர்லாந்துப் பக்கம் இருக்கும் ஸெர்மாட் ஊரிலிருந்து பார்த்தவர்கள் அந்தப் பக்கம் ஏறவே முடியாது என்று நினைத்தார்கள். ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் சரிவு ஏறக்குறைய 40 பாகைதான் என்று புரிந்தது. 1865 ஜூலையில் அந்தப் பக்கமாகவே ஏறி முடித்தார்கள். ஏழு பேர் போனார்கள், நான்கு பேர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். அதனால் முகட்டில் ஏறுவதானால், எந்த இடத்திலும் அதே வழியாக இறங்க முடியுமா என்று பார்த்துப் பார்த்து ஏறுங்கள்.

பதில்: கணவாய்க்காற்று

நேரக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 7 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 3 மணி 25 நிமிடம். இது ஓய்வில்லாமல் நல்ல பாதையில் நடப்பதற்கு. சரளைச் சரிவும் வழி தேடலும் இருந்தால் இரட்டிப்பாகக்கூட ஆகலாம்.

நிலாமுகடு

கோப்பைத் திறந்தேன். ஏப்ரல் மாதம்! பள்ளத்தின் மேல்முனைப் புள்ளிதான் முதலில் வருகிறது. இறங்கியிருக்கிறார்கள், அதுவும் சில நிமிடங்களில்.

சரளைக்கல்

அப்படியானால் பள்ளம் நிறையப் பனி இருந்திருக்கும், சறுக்கி வந்திருப்பார்கள். செப்டம்பரில் அதே இடம் வெறும் உதிரிக்கல்லாக இருக்கலாம். அந்த 'கிளாஸ் 3' உங்களுக்குச் செல்லாது.

மேற்கு முகட்டுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் வரைபடத்தில் சமவுயரக் கோடுகளின் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உயர இடைவெளி 20 மீட்டர் என்றால், முகட்டில் 15 மீட்டர் செங்குத்து வெட்டு ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே மறைந்துபோகும். செயற்கைக்கோள் முப்பரிமாணப் படமும் அதை வழுவழுப்பாக்கிவிடும். எதிர்ப்பக்க மலையிலிருந்து யாராவது எடுத்த படம் கிடைத்தால், முகட்டின் விளிம்பைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பாருங்கள். காலையும் மாலையும் எடுத்த படங்களில் நிழல் விழும் இடம் வெட்டைக் காட்டிக்கொடுக்கும். வெட்டு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் கயிறில்லாமல் இறங்க முடியாது என்று தோன்றினால், சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். திரும்ப வேண்டிய நேரத்தையும் கிளம்பும் முன்பே மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.